மூச்சைப் பிடித்துக்கொண்ட தெரு

இந்த வரியை வாயை மூடிக்கொண்டு படிக்க முடிகிறதா உங்களால்? சத்தம் போடாமல் என்று கேட்கவில்லை. இரண்டு உதடும் சேர்ந்திருக்க, மூக்கால் மட்டும் மூச்சு விட்டு, இந்தப் பக்கத்தின் அடிவரை வந்து சேர முடியுமா? சிலர் பாதியிலேயே வாயைத் திறந்துவிடுவீர்கள். திறந்தது உங்களுக்கே தெரியாது.

அப்படித் தெரியாமல் வாயைத் திறக்கிறவர்களைக் கண்டுபிடிப்பது அந்த டாக்டரின் வேலையில் பாதி. மீதிப் பாதி பல்.

பெரிய மருத்துவமனை ஒன்றும் இல்லை. ஆணியும் பூட்டும் கயிறும் விற்கிற கடைக்கு மேலே, படி ஏறியதும் இடது பக்கம் இரண்டு அறை. முன்னறையில் நான்கு நாற்காலி, ஒரு மீன்தொட்டி. உள்ளறையில் சாய்கிற நாற்காலி, தலைக்கு மேல் விளக்கு, சுவரோரம் ஓர் அலமாரி. அலமாரி நிறைய பிளாஸ்டரில் வார்த்த தாடைகள். பல் கட்டவும் கிளிப் போடவும் வந்தவர்களின் வாய் அச்சுகள். மேல்வரிசையும் கீழ்வரிசையும் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முகம் இல்லாத வாய்கள்.

டாக்டருக்கு உதவியாக ஒரு பெண். பஞ்சு எடுத்துக் கொடுத்துக் கொடுத்து அவருக்குப் பஞ்சு என்றே பெயர் ஆகிவிட்டது. காலையில் கதவைத் திறந்ததும் பஞ்சு செய்கிற முதல் வேலை, அலமாரியில் மூன்று தாடைகளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பது. டாக்டர் வந்ததும் அவற்றை மறுபடி நேராக வைப்பார்.

"ஏன் பஞ்சு, இதுங்க என்ன பாவம் பண்ணிச்சு?"

"பாக்குது டாக்டர்."

"பல்லுக்கு ஏது கண்ணு?"

"கண்ணு இல்லாம பாக்குதே, அதான் பயம்."

அந்த மூன்றும் செத்துப்போனவர்களின் வாய்கள்.

டாக்டரின் வேலைமுறையைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையின் வினையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. பல்லைப் பார்க்கும் முன்பே மூக்கைப் பார்ப்பார். பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற, நீளக் கம்பியின் நுனியில் வட்டமாக இருக்கும் சின்னக் கண்ணாடி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைக் குளிர்ந்த நீரில் கழுவித் துடைத்து, மூக்குக்குக் கீழே படுக்கையாகப் பிடிப்பார். "மூச்சு விடுங்க." கண்ணாடியில் இரண்டு ஆவித் திட்டு விழும். ஒன்று சிறிதாக இருக்கலாம். நம் மூக்கு இரண்டு துவாரத்திலும் எப்போதும் ஒரே அளவாக மூச்சு விடுவதில்லை, முறை மாற்றிக்கொள்ளும். அதனால் அதை வைத்து எதையும் முடிவு கட்ட மாட்டார். மூக்கைச் சிந்தச் சொல்லி மறுபடி பார்ப்பார். அப்புறம் நாக்கு. அதன் ஓரத்தில் பல் தடம் பதிந்திருக்கிறதா, அடியில் சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ உண்டா, மேலண்ணம் குறுகிக் குழிந்திருக்கிறதா, நாக்குக்குப் பின்னால் தொண்டை தெரிகிறதா, பல் நுனிகள் தூக்கத்தில் அரைபட்டுத் தட்டையாகியிருக்கின்றனவா. கடைசியில் கேள்விகள். குறட்டை உண்டா? காலையில் எழுந்ததும் தலை வலிக்குமா? பகலில் உட்கார்ந்தபடி தூங்குவீர்களா?

"பல்லு வலின்னு வந்தா தூக்கத்தை ஏன் கேக்கறீங்க?" என்று எரிந்து விழுந்தவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதிலும் எளிது. மூச்சுப் போகிற வழியின் வாசல் வாய். அந்த வாசலில் விளக்குப் போட்டு, நிதானமாக உட்கார்ந்து பார்க்கிற ஒரே ஆள் பல் டாக்டர். அவர் பார்க்காவிட்டால் வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

ஆனால் இந்தப் பதிலை டாக்டர் யாருக்கும் சொன்னதில்லை. முகமூடி போட்டுக்கொண்டு வேலை செய்கிறவர். பேச்சும் குறைவு. கண்ணாடியை நீட்டுவார், பார்ப்பார், எடுத்துவிடுவார். சாதாரண மனிதர்கள் மூக்குக்குக் கீழே கண்ணாடி பிடிப்பதை வேறு எப்போது பார்த்திருக்கிறார்கள்? ஒரே ஒரு சமயத்தில்தான். அசையாமல் கிடக்கிற ஆளிடம், உயிர் இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்கும்போது.

முதலில் போனவர் ஓய்வுபெற்ற குமாஸ்தா. நாக்குக்கு அடியில் திட்டு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார் டாக்டர். வலிக்கவில்லையே என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவர், வலித்தபோது போனார். அது ரொம்பப் பிந்திவிட்டது. இரண்டாவது ஆள், சலவைக்கடை அம்மா. மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது வழுக்கி விழுந்தார். அவர் சாவுக்கும் கண்ணாடிக்கும் என்ன தொடர்பு? எப்போதோ ஒருநாள் அதில் மூச்சு விட்டிருந்தார், அவ்வளவுதான். மூன்றாவது ஒரு டிரைவர். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே தூங்கிப்போய், பாலத்தின் சுவரில் மோதினார்.

மூன்று சாவு போதும். "கண்ணாடி டாக்டர்" என்ற பெயர் வந்தது. அவர் கண்ணாடி காட்டினால் நாள் குறித்தாகிவிட்டது என்றார்கள். காய்ச்சல் பார்க்கிற கருவியா காய்ச்சலைக் கொண்டுவருகிறது? அதே கண்ணாடியில் மூச்சு விட்டுவிட்டு வந்த நூற்றுக்கணக்கானவர்கள் கடைவீதியில் விலை பேசிக்கொண்டும், பிள்ளைகளைத் திட்டிக்கொண்டும் நன்றாகத்தானே இருந்தார்கள்? அவர்களை எண்ண ஒருவருக்கும் தோன்றவில்லை. உயிரோடு இருப்பவர்களை எண்ணினால் கதையில் ருசி ஏது?

அப்புறம் தெரு மூச்சு விடுவதை நிறுத்தியது.

எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாது. பஸ்ஸை விட்டு இறங்கி டாக்டர் கடைவீதிக்குள் நுழைவார். தையல் இயந்திரம் நிற்கும். சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டி பாதித் துணியில் நிற்கும். பேசிக்கொண்டிருந்தவர்கள் பாதி வார்த்தையில் உதட்டை மூடிக்கொள்வார்கள். அவர் பார்வை படும்போது மூச்சு விட்டால் கண்ணாடியில் பிடித்துக்கொள்வாராம். அதனால் அவர் கடந்து போகும்வரை எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். கன்னம் உப்பிய முகங்கள். ஒரு தாய் குழந்தையின் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தியிருப்பார். குழந்தை கண்ணை உருட்டிக்கொண்டு சிவந்துபோகும். பட்டப்பகல், நிறைந்த தெரு, டாக்டரின் செருப்புச் சத்தத்தைத் தவிர ஒரு சத்தம் இல்லை. அவர் படியேறும்போது, முதுகுக்குப் பின்னால் அத்தனை பேரும் ஒன்றாக மூச்சை விடுவது கேட்கும். படிக்கட்டின் கீழ் யாரோ ஒரே ஆள், மிகப் பெரிய ஆள், பெருமூச்சு விட்டதுபோல.

முதலில் டாக்டர் சிரித்தார். பிறகு எரிச்சல்பட்டார். ஒருநாள் படியின் நடுவில் தலை சுற்றி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது, தெருமுனையிலிருந்து அவரும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

இந்த நிலையில்தான் அவருடைய அத்தானுக்குக் கடைவாய்ப் பல்லில் விரிசல் விழுந்தது.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். பஸ் டிரைவர். மலைப்பாதையில் ஏறி இறங்கித் துறைமுகத்துக்குப் போகிற வண்டி அவருடையது. சட்டையின் மேல் பொத்தான் போட முடியாத கழுத்து, எதற்கும் சிரிப்பு. விரிசல் விழுந்து மூன்று நாளாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்தவரை, வேறு பல் டாக்டர் ஊரில் இல்லாத காரணத்தால், அக்காவே கூட்டிக்கொண்டு வந்தார். வாசற்படியிலேயே நிபந்தனை.

"இந்தா பாருடி, பல்லை மட்டும் பாரு. அந்த மூக்கு வேலையெல்லாம் என் வீட்டுக்காரர்கிட்ட வேணாம்."

"நீயுமா அக்கா? படிச்சவ நீ."

"படிச்சதுக்கும் பயப்படறதுக்கும் என்ன இருக்கு? நான் படிச்சுக்கிட்டே பயப்படுவேன்."

அத்தான் நாற்காலியில் ஏறிச் சாய்ந்தார். "கொழுந்தியா, பல்லை எடுத்துக்கோ. உசிரை மட்டும் விட்டுடு."

"வாயைத் திறங்க அத்தான். அது ஒண்ணுதான் உங்களுக்கு நல்லா வர்ற வேலை."

நாக்கின் ஓரமெல்லாம் பல் தடம். நாக்குக்குப் பின்னால் தொண்டையே தெரியவில்லை. பற்கள் அரைபட்டுச் சம்மட்டி அடி வாங்கியவைபோல இருந்தன. டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டார். கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். அக்கா முன்னறைக்கு மீன் பார்க்கப் போனார்.

காலை நேரம். வெயில் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. ஊசி போட்ட கன்னத்தோடு, பேசிக்கொண்டிருந்த பேச்சின் நடுவிலேயே அத்தான் தூங்கிப்போனார். வலியோடு வந்த ஆள், தலைக்கு மேல் அவ்வளவு வெளிச்சம், பக்கத்தில் கருவிகளின் சத்தம், எதுவும் தடுக்கவில்லை. குறட்டை எழுந்தது. தட்டில் இருந்த கருவிகள் லேசாக அதிர்ந்தன. பஞ்சு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகு பஞ்சுவின் சிரிப்பு நின்றது. "டாக்டர், மீன்தொட்டி சத்தம் கேக்குது."

முன்னறையின் மீன்தொட்டியில் குமிழி விடுகிற சத்தம். இத்தனை நேரம் அதை மூடியிருந்த குறட்டை இல்லை. அத்தானின் வயிறு மேலே எழும்பியது, மார்பு உள்ளே இழுத்தது, மறுபடி வயிறு எழும்பியது. உடம்பு முழுக்க மூச்சு விடுகிற வேலை நடந்தது. மூச்சு மட்டும் இல்லை. உள்ளே யாரோ கதவைத் தள்ளுவதுபோல, வெளியே யாரோ அதைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. பஞ்சு டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் ஒரு கையால் அத்தானின் தோளை உலுக்கினார். மற்றக் கை பழக்கத்தில் கண்ணாடியை எடுத்து மூக்குக்குக் கீழே கொண்டுபோனது.

கண்ணாடியில் ஆவி இல்லை. விளக்கு தெரிந்தது. விளக்குக்குக் கீழே முகமூடிக்கு மேலிருந்த தன் கண்கள் தெரிந்தன.

அந்த நேரம் பார்த்து அக்கா வாசலில் நின்றார். அவர் கண்டது இதுதான்: அசையாமல் கிடக்கிற கணவர், கறுத்த உதடு, மூக்குக்குக் கீழே கண்ணாடி பிடித்திருக்கிற தங்கை. அக்கா போட்ட அலறல் கீழே பூட்டுக்கடைக்கே கேட்டது.

அத்தான் தண்ணீருக்கு அடியிலிருந்து எழுந்தவர்போல இழுத்து மூச்சு வாங்கினார். கண்ணைத் திறக்கும் முன்பே அவர் கேட்டது: "எந்த ஸ்டாப்பு?"

அக்கா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "பல்லு?" என்றார் அத்தான் மரத்த வாயோடு. "பல்லு கிடக்கட்டும், நீங்க இருங்க போதும். என் வீட்டுக்காரருக்கே கண்ணாடி காட்டிட்டியேடி!" அதற்குப் பிறகு அக்கா தொலைபேசியை எடுக்கவில்லை.

டாக்டருக்கு அந்தக் கேள்வி காதிலேயே நின்றது. எந்த ஸ்டாப்பு? தூக்கத்தில் அவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது ஒரு பக்கம். பஸ்ஸில் அவர் தூங்குகிறார் என்பதுதான் மறுபக்கம். மறுநாள் விடிந்தால் பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை.

டிப்போவில் போய்ச் சொல்லிவிடலாமா? நோயாளியின் விஷயத்தை அவரைக் கேட்காமல் முதலாளியிடம் சொல்வது எந்த நியாயம்? சொல்லாமல் இருப்பது மட்டும் எந்த நியாயம்? டாக்டர் அத்தானிடமே நேரில் பேசுவது என்று மறுநாள் டிப்போவுக்குப் போனார். அத்தான் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார். வரிசையாக நின்ற பஸ்களுக்கு நடுவே டாக்டர் நடந்தபோது, தெருவில் நடந்ததே இங்கும் நடந்தது. டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். கன்னங்கள் உப்பின. டீசல் வாடையில் அந்த அமைதி இன்னும் கெட்டியாக இருந்தது.

ஒருவர் மட்டும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அவருடைய குரலுக்காக டிப்போவே அவரை ஹாரன் என்று கூப்பிடும். மூத்த டிரைவர். டாக்டரை ஒரு பழைய வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"நீங்களும் நம்பறீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"எதை டாக்டரம்மா?"

"என் கண்ணாடி ஆளைக் கொல்லும்னு."

ஹாரன் முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். "நாங்க எதுக்கு நம்பணும்? கதையைக் கட்டிவிட்டதே நாங்கதானே."

டாக்டருக்குப் புரியவில்லை.

"பாலத்துல மோதிச் செத்தானே ஒருத்தன், அவன் இந்த டிப்போ ஆள் தெரியுமா? நீங்க சொன்னதைக் கேட்டு நேரா மேனேஜர்கிட்ட போனான். 'சார், எனக்குத் தூக்கத்துல மூச்சு நிக்குதாம், பரிசோதனைக்கு லீவு குடுங்க'ன்னான். அன்னிக்கே வண்டிச் சாவியை வாங்கிட்டாங்க. பரிசோதனைக்கும் அனுப்பல, வைத்தியமும் பாக்கல. 'உன்னை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது'ன்னு வெளிய அனுப்பிட்டாங்க. கல்லு லாரிக்குப் போனான். அங்க யாரும் எதுவும் கேக்கறது கிடையாது. லாரியிலயே போய்ட்டான்."

"அதுக்கு எதுக்கு இந்தக் கதை?"

"வீட்டுல விடுவாங்களா? 'இப்படிக் குறட்டை விடறியே, அந்த டாக்டர்கிட்ட காட்டு, காட்டு'ன்னு தினம் பிடுங்கல். போனா வேலை போயிடும்னு சொன்னா அழுகை. 'அந்த டாக்டர் கண்ணாடி காட்டின ஆள் தங்கறதில்ல'ன்னு சொல்லிப் பாத்தோம். அவ்வளவுதான். மறுநாளே வீட்டுல இருக்கறவங்களே 'போகாதே'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

"யார் முதல்ல சொன்னது?"

ஹாரன் ஒரு டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். "கேக்காதீங்க டாக்டரம்மா. உங்க அத்தான்தான்."

இத்தனை மாதம் டாக்டர் தெருவைத்தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நாமும் அப்படித்தான் நினைத்திருப்போம். படித்தவர்களுக்கு அது வசதி. மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பேய் அறியாமையில் பிறக்கவில்லை. ஒரு மேனேஜரின் மேசையில் பிறந்தது. நோயைச் சொன்னவனுக்குத் தண்டனை, மறைத்தவனுக்குச் சம்பளம் என்று ஒரு விதியை வைத்துவிட்டால், அதைச் சுற்றிப் பேய்கள் தானாக முளைக்கும். அவற்றுக்கு வேப்பிலை வேண்டாம். விதியை மாற்ற வேண்டும்.

டாக்டர் டிப்போவிலிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் அத்தானுக்கு அதிகாலை வண்டி; அதுவரை காத்திருந்தார். அப்படிப்பட்ட நாட்களில் அவர் மதியம் வீட்டில் தூங்குவார். அக்கா கதவைப் பாதி திறந்து, குறுக்கே நின்றார்.

"கண்ணாடி கொண்டு வந்திருக்கியா?"

டாக்டர் கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். சாவி, சீப்பு, பணப்பை, ஒரு மிட்டாய். அக்கா மிட்டாயைப் பிரித்துப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

படுக்கையறையிலிருந்து குறட்டை வந்துகொண்டிருந்தது. சமையலறைத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின. திடீரென்று குறட்டை நின்றது. வீடு ஒரேயடியாக அமைதியாயிற்று.

"அப்பாடா," என்றார் அக்கா. "ராத்திரியும் இப்படித்தான், நடு நடுவுல நிக்கும். நிக்கற அந்த நேரத்துலதான் எனக்குத் தூக்கமே வரும்."

"அந்த நேரத்துல அத்தான் என்ன பண்றார் அக்கா?"

"என்ன பண்ணுவார்? தூங்கறார்."

"போய் அவர் மூக்குக்கிட்ட உன் உள்ளங்கையை வை."

அக்கா எழுந்து போனார். திரை வழியே வந்த மஞ்சள் வெயிலில் அத்தான் மல்லாந்து கிடந்தார். வயிறு எழும்பி எழும்பி அடங்கியது. அக்கா உள்ளங்கையை அவர் மூக்குக்கும் வாய்க்கும் நேராகப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். பிறகு தலையை மட்டும் திருப்பித் தங்கையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இல்லை. கையில் ஒன்றும் படவில்லை என்று அந்த முகமே சொல்லிவிட்டது.

தண்ணீருக்கு அடியிலிருந்து ஆள் எழும்பும் அந்தச் சத்தம் வந்தது. குறட்டை திரும்பியது. அக்கா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் தூங்கின ஒவ்வொரு தூக்கமும்..." என்றார்.

அத்தான் கண் விழித்தபோது கட்டிலைச் சுற்றி இரண்டு பெண்கள். தப்பிக்க வழி இல்லை என்று புரிந்திருக்க வேண்டும். டாக்டர் ஹாரன் பெயரைச் சொன்னதுமே ஒத்துக்கொண்டார்.

"வேலை போயிடும்டி. அதான் அந்தக் கதையை..."

அக்கா எறிந்த தலையணை அவர் முகத்தில் போய் விழுந்தது. "பொய் சொன்ன வாயில பல்லு விரிசல் விட்டது சரிதான்! நான் எதிர்வீட்டுல சொன்னேன், அவங்க டெய்லர்கிட்ட சொன்னாங்க, ஊரே சொல்லிச்சு. இவ, என் கூடப்பொறந்தவ, தெருவுல வரும்போது நானே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்யா. நானே!"

அத்தான் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சிரிக்காமல் பேசினார். அவர் சிரிக்காமல் பேசி அவர்கள் கேட்டதே இல்லை.

"மலையில ஒரு வளைவு இருக்கு. ஓரத்துல வெள்ளை அடிச்ச பாறை. அதைப் பாக்கறேன். அடுத்து பாத்தா கீழ ரெண்டாவது வளைவுல இருக்கேன். நடுவுல ஒண்ணும் இல்ல. வண்டி சரியாத் திரும்பியிருக்கு, கியர் மாறியிருக்கு, பின்னால ஜனங்க பேசிக்கிட்டு வர்றாங்க. அந்த ரெண்டு வளைவும் யார் ஓட்டினாங்கன்னு எனக்குத் தெரியாது. ஒரு தரம் இல்ல. பல தரம்."

ஜன்னல் வழியே தெருவில் ஏதோ வண்டி போனது. மூன்று பேரும் அது போய் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அத்தான் வண்டி எடுக்கவில்லை. பல் வலி என்று லீவு சொன்னார்; அது உண்மையும்தான். டாக்டர் பல்லை எடுத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் கம்பி ஒட்டி ஓர் இரவு தூங்கவைத்துப் பார்த்தார்கள். சந்தேகப்பட்டதைவிட மோசம். நீளக் குழாயோடு மூக்கில் கவசம் மாட்டிக் காற்றை உள்ளே தள்ளுகிற ஓர் இயந்திரத்தோடு தூங்கச் சொன்னார்கள். "யானைக்கு வாக்கப்பட்டுட்டேன்" என்று அக்கா சிரித்தார். ஆனால் அத்தான் காலையில் தலைவலி இல்லாமல் எழுந்தார். மதியம் நாற்காலியில் உட்கார்ந்தும் தூங்கவில்லை.

இனிதான் கடினமான பகுதி. மேனேஜரிடம் பொய் சொல்லக் கூடாது என்பது அக்காவின் கட்டளை. உண்மை சொன்னால் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அக்கா டிரைவர்கள் இருக்கிற வீடு வீடாகப் போனார். கதையைப் பரப்பியது சுலபமாக இருந்தது; திரும்ப வாங்குவது பெரும்பாடாக இருந்தது. "உன் தங்கச்சிக்காகப் பேசறே" என்றார்கள். அவர் வாதாடவில்லை. "மதியம் உன் வீட்டுக்காரர் தூங்கும்போது குறட்டை நின்னா, மூக்குக்கிட்ட கையை வெச்சுப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சில வீடுகளில் காற்று பட்டது. பட்டவர்கள் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். படாதவர்கள் தாமாகவே அக்காவைத் தேடி வந்தார்கள்.

அவர்கள் எல்லாருமாக டிப்போவுக்குப் போன நாளில் அத்தானும் கூட நின்றார். டாக்டர் கடைசியில் நின்றார். இந்த முறை யாரும் மூச்சைப் பிடிக்கவில்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் இந்தக் கதை சுலபம். "விதி அப்படிம்மா. மூச்சு நிக்கற ஆள்கிட்ட நான் எப்படி வண்டியைக் குடுப்பேன்?"

அக்கா கேட்டார்: "சார், மூச்சு நிக்குதுன்னு சொன்னவரை வெளிய அனுப்பிட்டீங்க. மூச்சு நிக்கறதைச் சொல்லாத ஆளுங்களை உள்ள வெச்சிருக்கீங்க. இதுல எந்த வண்டியில உங்க பிள்ளைங்களை ஏத்தி அனுப்புவீங்க?"

மேனேஜர் ஜன்னல் வழியே நின்றுகொண்டிருந்த பஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எந்த வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். யார் தூங்குகிறார்கள் என்பது தெரியாது. அந்த நிமிடத்தில்தான் அது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிற யாரையும் இனி வெளியே அனுப்ப மாட்டேன் என்றார்.

இப்போது அத்தான் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறார், அதே சம்பளத்தில். சிகிச்சை சரியாக வேலை செய்கிறது என்று ஆஸ்பத்திரி சொன்னதும் ஸ்டீயரிங்குக்குத் திரும்பலாம். ஹாரன் உட்பட இன்னும் சில டிரைவர்கள் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இதெல்லாம் அந்த மேனேஜரின் வாய் வார்த்தை. எழுத்தில் ஒன்றும் இல்லை. நாளைக்கு அவரை மாற்றிவிட்டால் அந்த வார்த்தையும் அவரோடு போய்விடும். பக்கத்து ஊர் டிப்போவில் பழைய விதிதான். அங்கேயும் மலைப்பாதை உண்டு. அங்கே இந்நேரம் எந்த டாக்டரைப் பற்றி என்ன கதை கட்டியிருக்கிறார்களோ.

நீங்கள் ஏறுகிற பஸ்ஸை யார் ஓட்டுகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அவர் நேற்று எத்தனை முறை மூச்சு நின்று எழுந்தார் என்பது அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ள அவரைப் பயமுறுத்தாமல் இருந்தாலே போதும். ஆகவே நாளைக்கே உங்கள் ஊர் டிப்போவுக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம், உங்களோடு தினம் அதே வண்டியில் ஏறுகிற நாலு பேரைக் கூட்டிக்கொள்ளுங்கள். மேனேஜரின் அறைக்குள் போய், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள்: "தூக்கத்தில் எனக்கு மூச்சு நிற்கிறது என்று உங்கள் டிரைவர் ஒருவர் வந்து சொன்னால், அவருக்கு வேலை இருக்குமா?" பதில் எதுவாக இருந்தாலும், எழுத்தில் வாங்காமல் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.